ஒரே போனில் தமிழ், பர்மீஸ், இங்கிலீஷ்: செல்லினமும் ஜிபோர்டும் சேர்ந்து எப்படி?

தமிழ் எழுதச் செல்லினம், பர்மீஸும் இங்கிலீஷும் எழுத கூகுளின் ஜிபோர்டு. என் போனில் இப்போது இந்த இரண்டு கீபோர்டுகள்தான். இரண்டுக்கும் காசு கிடையாது. ரங்கூனில் இருந்துகொண்டு மூன்று மொழியிலும் எழுத வேண்டியிருக்கும் நம் ஆட்கள் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எது எதற்கு நல்லது, எங்கே கை தடுக்கும், எந்த மொழியை எங்கே எழுதுகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு மீதி.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பர்மியப் பெண்களுக்குத் தமெய்னும் (இடுப்பில் கட்டும் அவர்கள் ஊர்ப் பாவாடை) மேல்சட்டையும், நம் பெண்களுக்குப் புடவை ரவிக்கை. ஆர்டர் முழுக்க வைபரிலும் மெசஞ்சரிலும் வரும், அது பர்மீஸ். வியாசர்பாடியில் இருக்கும் பெரியப்பா குடும்பத்தோடு வாட்ஸப்பில் தமிழ். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த அக்கா பிள்ளைகளுக்கு இங்கிலீஷ். சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் மூன்றும் வந்து போகும். அதனால் கீபோர்டு எனக்கு அலங்காரப் பொருள் அல்ல. கத்தரிக்கோல் மாதிரி, நாள் முழுக்கக் கையில் இருக்கிற கருவி.

இத்தனை வருஷத்தில் நான் கண்டது ஒன்று. மூன்று மொழி தெரிந்தவர்கள் எந்த மொழியில் எழுதுகிறார்கள் என்பது பாதிக்கு மேல் கை எதில் சுலபமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. தமிழ் மேல் பாசம் இல்லாமல் யாரும் தமிழை விடவில்லை. ஒரு வரி எழுத நான்கு இடம் தேடவேண்டியிருந்தால், வேலை முடிந்து களைத்து உட்கார்ந்திருக்கும் மனுஷி பர்மீஸில்தான் அடிப்பாள். இந்த விமர்சனத்தை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

2014இல் ஊரிடூ, டெலினார் என்ற போன் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்குச் சிம் கார்டு கொடுத்தபோதுதான் எங்கள் தெருவில் எல்லார் கைக்கும் போன் வந்தது. அதற்கு முன் சிம் என்பது பணக்காரர் வீட்டுச் சாமான். அப்போது போன் விற்ற கடைகளிலேயே ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். போனைத் திறந்ததும் பர்மீஸ் தயாராக இருக்கும். தமிழுக்கு அப்படி யாரும் ஏற்றித் தரவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் நம் பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார்கள், இல்லாவிட்டால் பர்மீஸ் எழுத்தில் எழுதினார்கள். என் மகனே ‘அம்மா சாப்பிட்டியா’ என்று பர்மீஸ் எழுத்தில்தான் ரொம்ப நாள் அனுப்பிக்கொண்டிருந்தான். படித்தால் புரியும். ஆனால் அதில் ழகரம் கிடையாது, றகரத்துக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் காட்ட வழி கிடையாது. அப்படியே பழகிவிட்டால் தமிழ் எழுத்து கண்ணுக்கே அந்நியமாகிவிடும்.

இனி செல்லினம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியது. முரசு அஞ்சல் என்று கம்ப்யூட்டருக்குத் தமிழ் கொண்டுவந்த அதே மனிதர். 2005 பொங்கல் சமயத்தில் சிங்கப்பூரில் செல்லினம் வெளியானது. அன்றைக்கிருந்த பட்டன் போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதற்காக வந்தது, இன்றைக்கு ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடுகிறது. கடல் தாண்டி வாழும் தமிழர் ஒருவர் கடல் தாண்டிய தமிழர்களை நினைத்துச் செய்த பொருள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அதில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று தமிழ்99. 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு அது. இடது பக்கம் உயிரெழுத்து, வலது பக்கம் மெய். இதன் அருமை புள்ளி வைப்பதில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தொட்டால் முதலாவதுக்குத் தானாகவே புள்ளி விழும். மெல்லின எழுத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினத்தைத் தொட்டாலும் அப்படியே. ‘தங்கச்சி’ என்று எழுத வேண்டும் என்று வையுங்கள். த, ங, க, ச, ச, இ. ஆறு தொடுதல், அவ்வளவுதான். ங-வுக்கும் முதல் ச-வுக்கும் புள்ளி தானே வந்துவிடுகிறது. ‘அம்மா’வுக்கு நான்கு. ‘வணக்கம்’ எழுத வ, ண, க, க, ம, கடைசியில் ஒரு புள்ளி, ஆக ஆறு. இதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் எட்டு. கை பழகும்வரை எழுத்தைத் தேடவேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். பழகிவிட்டால் தமிழைப் போல வேகமாக எந்த மொழியிலும் எழுத முடியாது என்று நினைக்கும் அளவுக்கு ஓடுகிறது.

இன்னொன்று அஞ்சல் முறை. இங்கிலீஷ் எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழில் வரும். என் மகனுக்கு இதைத்தான் வைத்துக் கொடுத்தேன். ‘டி’யை அடித்தால் ட, அதோடு ‘எச்’ சேர்த்தால் த என்று அவனே விளையாட்டுப்போலக் கண்டுபிடித்துக்கொண்டான். குறில் எது, நெடில் எது என்று யோசித்து அடித்தால்தான் சரியாக வரும். அதனால் ‘பாட்டி’ என்று எழுதும்போது அந்த நெடிலை அவன் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறான். வீட்டில் தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்து தெரியாத பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர். கோயில் வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள் போய்வருவதோடு இதுவும் சேர்ந்தால் எழுத்து கண்ணில் நிற்கும். மகன் இப்போது பெரியப்பா வீட்டுக்கு நேராகத் தமிழிலேயே எழுதுகிறான், பிழையோடுதான். பரவாயில்லை.

ஜிபோர்டில் எனக்கு முக்கியம் பர்மீஸ். அது யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் உலகம் முழுக்கப் பொதுவான முறையில், எழுதுகிறது. இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏன் கீபோர்டை மாற்ற வேண்டும் என்பது புரியாது. ஸோஜி என்பது பார்வைக்குப் பர்மீஸாகத் தெரியும், உள்ளே யூனிகோடு முறைப்படி இருக்காது. யூனிகோடில் மோன், ஷான், கரேன் மொழிகளுக்கென்று ஒதுக்கிய இடங்களையும் அது பர்மிய எழுத்தின் வெவ்வேறு வடிவங்களுக்கே எடுத்துக்கொண்டது. ஸோஜி போட்ட போனில் ஷான் மொழிச் செய்தி வந்தால் குப்பையாகத்தான் தெரியும். சின்ன மொழிக்காரர்களுடைய இடத்தைப் பெரிய மொழி எடுத்துக்கொண்டது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. தமிழ் எழுத்து வேறு பகுதியில் இருந்ததால் தப்பியது. 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறுவதென்று நாடு முழுக்க நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகு பழைய வாடிக்கையாளர்களின் செய்திகள் சில எனக்கு எழுத்து குழம்பி வந்தன. அளவு எழுதி அனுப்பியிருப்பார்கள், மார்பளவு எது, இடுப்பளவு எது என்று தெரியாது. போன் பண்ணித்தான் கேட்க வேண்டும்.

கொம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கே’ என்று எழுதினால் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, யூனிகோடுக்குள் அது ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. பர்மீஸிலும் அப்படியே. அவர்களுக்கும் எகர உயிர்க்குறி எழுத்துக்கு இடப்பக்கம்தான். ஸோஜியில் அதை முதலில் அடித்து முதலிலேயே சேமிப்பார்கள், நம் பழைய தமிழ் டைப்ரைட்டரிலும் கொம்பை முதலில்தான் தட்டுவார்கள். தமிழும் இதே குழப்பத்தைக் கடந்துதான் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தைச் சேமிக்க டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு முறை இருந்தது. 2010இல்தான் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. பர்மியத் தோழிகள் ‘கை பழக்கத்தை மாற்றச் சொல்கிறார்களே’ என்று அலுத்துக்கொண்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு பேர் அன்றைக்கே மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொரு செய்தி தெரிந்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் என்று ஒரு எழுத்துரு இருக்கிறது, மியான்மர் சங்கம் எம்என் என்றும் ஒன்று இருக்கிறது. அந்த எம்என் முத்து நெடுமாறன்தான். ஒரு தமிழர் வரைந்த பர்மிய எழுத்தை இந்த நாட்டு ஐபோன்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நம் ஆட்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஜிபோர்டில் மொழி மாற்ற, இடைவெளி விசையை அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும், வேண்டியதைத் தொட வேண்டும். பர்மீஸுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் இது நிமிஷமாக நடக்கிறது. ஜிபோர்டிலிருந்து செல்லினத்துக்குப் போக, கீழே மூலையில் இருக்கும் சின்னக் கீபோர்டு படத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தொடுதல் கூடுதல். ஜிபோர்டிலும் தமிழ் இருக்கிறதே, எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். ஒலிப்படி அடிப்பதற்கு அது போதும். எனக்குத் தமிழ்99 கையில் ஏறிவிட்டது, அதற்காக அந்த ஒரு தொடுதலை நான் பொருட்படுத்துவதில்லை.

தனி அகராதி என்று ஜிபோர்டில் ஒன்று உண்டு, பலரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு சுருக்கத்தையும் அதற்கு நேராக முழு வாக்கியத்தையும் போட்டு வைக்கலாம். ‘துணி எத்தனை கஜம் வேண்டும்’, ‘நாளை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி நான் தினமும் எழுதும் பர்மிய வாக்கியங்களை அப்படிச் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு எழுத்தில் வேலை முடிகிறது. தமிழ்ப் பகுதியில் மொஹிங்கா என்ற சாப்பாடு, தமெய்ன், தன்லின், பாகோ என்ற ஊர்ப் பெயர்கள் எல்லாம் சேர்த்தேன். நம் தமிழில் தினமும் புழங்கும் சொற்கள் இவை, தமிழ்நாட்டுச் சொல் பட்டியலை வைத்துச் செய்த அகராதிகளில் இருக்காது. நாமே சேர்த்தால்தான் உண்டு. குரலில் எழுதுகிற வசதிக்கு கூகுளில் தமிழ் என்று போனால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடு கேட்கும். பர்மா அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நாள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் அம்மாவுக்குப் பிடித்தது விரலால் எழுதுவது. ஜிபோர்டில் தமிழ் கையெழுத்து என்று சேர்த்துக்கொண்டால் விசைகளுக்குப் பதிலாக வெறும் பெட்டி வரும். அம்மா ரங்கூனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அந்தப் படிப்பு நின்றது. கடைகளும் பறிபோய், பெரியப்பா குடும்பம் கப்பலேறியதும் அந்தக் காலத்தில்தான். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது அம்மா வரை எட்டவேயில்லை. அதனால் இன்றைக்கும் லை, ணை, னை எல்லாம் மேலே துதிக்கை வளைத்துத்தான் எழுதுவார். சுட்டுவிரலை நெஞ்சுக்கு நேராக வைத்து, மூச்சைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் போடுகிறார். திரையில் இப்போதைய லை-யைப் பார்த்தால் ‘இது எந்த ஊர் லை’ என்று கேட்பார். யூனிகோடுக்குப் பழைய லை-யும் புதிய லை-யும் ஒன்றுதான், உருவம் எழுத்துருவைப் பொறுத்தது என்று விளக்கினேன். ‘அப்ப சரி, உள்ளுக்குள்ள என் லை இருக்குல்ல’ என்றார். அவர் எழுதி அனுப்பிய முதல் செய்தி பெரியம்மாவுக்கு: முறுக்குக்கு உளுந்து எத்தனை பங்கு போடுவது என்று.

எந்த மொழியில் எழுதுவது என்பதற்கு வருகிறேன். ‘பர்மீஸில் போட்டால் எல்லாரும் படிப்பார்களே, எதற்குத் தமிழ்’ என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு கோயில் திருவிழா அறிவிப்பே அப்படித்தான் வந்தது, தமிழ் ஒரு வரி இல்லாமல். எனக்கு மனசு கேட்கவில்லை. இளையவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பர்மீஸ் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா வயதுக்காரர்கள், பர்மீஸ் பேசினாலும் எழுத்துக்கூட்டத் திணறுகிறவர்கள், அவர்களும் அந்தக் கோயிலுக்குத்தானே வருகிறார்கள்? பால்குடம் எத்தனை மணிக்கு, எந்த வாசலில் கூட வேண்டும் என்பதைச் செல்லினத்தில் நான் அடித்து அந்தக் குழுவில் போட்டேன். கீழே பாட்டிகள் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா காலமானபோது மூன்று மொழியிலும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். ஒரே செய்தியை மூன்று தரம் எழுதினால் போதும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அப்படி இல்லை. தெருவுக்கும் அவர் வேலை பார்த்த இடத்துக்கும் பர்மீஸில்: எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், யேவே மயானத்துக்கு வண்டி எங்கிருந்து புறப்படும். தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்குத் தமிழில்: யார் மகன், எந்த ஊர் வழி, கொள்ளி வைப்பது யார், கருமாதி என்றைக்கு. சிங்கப்பூர்ப் பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷில்: எப்படி நடந்தது, கடைசியில் வலி இருந்ததா, விமானம் கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம் என்று. படிக்கிறவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை அவருடைய மொழியில் சொன்னேன். அந்த ராத்திரி மின்சாரம் இல்லை, நெட்டும் விட்டுவிட்டுத்தான் வந்தது. மொழியை முன்பே இறக்கி வைத்திருந்ததால் மூன்றையும் நெட் இல்லாமலேயே எழுதி வைத்து, வந்த நேரத்தில் அனுப்ப முடிந்தது. ரங்கூனில் கீபோர்டு தேர்ந்தெடுக்கிறவர்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

பொதுவில் நான் எழுதுவது இரண்டு விதம். தைத்த சட்டையின் படமும் விலையும் பர்மீஸில் மட்டும். அது வியாபாரம். ரங்கூன் தமிழர்களைப் பற்றி, அம்மா சொல்லும் பழைய கதைகளைப் பற்றி எழுதினால் தமிழில் மட்டும். ஃபேஸ்புக்கை 2021 பிப்ரவரியில் முடக்கியதிலிருந்து அதிகமும் குழுக்களில்தான். படிப்பவர்கள் குறைவு, எனக்கு அதில் குறையில்லை. 1871இல் நம் ஆட்கள் கட்டிய காளி கோயிலைப் பற்றி ஒரு நாள் எழுதினேன். அனௌரதா சாலையில் இருக்கிறது என்று போட்டிருந்தேன். திருச்சியிலிருந்து ஒரு பெரியவர் ‘எங்களுக்கு அது பிரேசர் தெரு அம்மா’ என்று எழுதினார். இன்னொருவர் டல்ஹவுசி தெருவில் தன் அப்பா கடை எந்தப் பக்கம் இருந்தது என்றார், மற்றொருவர் மொகல் தெருவில் பால் வாங்கப் போன கதையைச் சொன்னார். அதே தெருக்களை இப்போதைய பெயரில் அனௌரதா, மகாபந்துலா, ஷ்வே பொன்தா என்றால் அவர்களுக்குத் தெரியாது. என் மகனுக்குப் பிரேசர், டல்ஹவுசி, மொகல் தெரியாது. பர்மீஸில் எழுதியிருந்தால் அந்தப் பெரியவர்கள் என் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். இங்கிலீஷில் எழுதியிருந்தால் அம்மா படித்திருக்க மாட்டார்.

குரல் செய்தி அனுப்பினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். நம் வீடுகளில் தமிழ் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. நானும் அனுப்புகிறேன், பெரியம்மா குரலைக் கேட்பது தனிச் சுகம். ஆனால் முறுக்குக்கு உளுந்து எத்தனை பங்கு என்று ஆறு மாதம் கழித்துத் தேட வேண்டுமானால் எழுத்தில் இருந்தால்தான் அகப்படும்.

கீபோர்டு எதை ஏற்றினாலும் ஒன்று பாருங்கள். நான் முன்பு வைத்திருந்த ஒன்று எழுத்துக்கு நடுவில் விளம்பரம் காட்டியது, தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதியும் கேட்டது. நாம் தட்டுவது ஒவ்வொன்றும் கீபோர்டு வழியாகத்தான் போகிறது, பேங்க் கடவுச்சொல் உட்பட. யார் செய்தது என்று தெரியாததை ஏற்ற வேண்டாம்.

தமிழ் மட்டும் எழுதுகிறவர்களுக்குச் செல்லினம் ஒன்றே போதும். தமிழ் எழுத்து மறந்துபோன பெரியவர்களுக்கு ஜிபோர்டின் கையெழுத்துப் பெட்டி. பிள்ளைகளுக்கு அஞ்சல் முறை. மூன்று மொழிக்காரர்களுக்கு இரண்டும்.

புதுப் போன் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே நின்று இரண்டையும் ஏற்றச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ‘கொழுக்கட்டை’ என்று தமிழில் அடித்துக் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பர்மீஸில் உங்கள் தெருப் பெயரை அடித்து, பக்கத்தில் இருக்கிற வேறு யாருடைய போனுக்காவது அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். ஷான் அல்லது மோன் மொழி தெரிந்த தோழி இருந்தால் அவர்களிடமிருந்து ஒரு வரி வாங்கி அதுவும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.